நூற்புழுவின் உடலும் உறைவிடமும்

பூமியில் வாழும் எண்ணிறந்த பிராணிகளுள், கருவின் முதல் உயிரணு தொடங்கி முதிர்ந்த உடலின் கடைசி உயிரணு வரையில் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, அது எதனின்று பிரிந்தது, எங்கே சென்று நிலைத்தது, எப்போது மாண்டது என்றெல்லாம் முழுமையாக எழுதி வைக்கப்பட்ட முதற் பிராணி, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளதும் பாக்டீரியாவைத் தின்று உயிர் வாழ்வதுமான ஒரு நூற்புழு ஆகும். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்பது விஞ்ஞானிகள் அதற்கு வழங்கும் நாமம். அதன் சரீர அமைப்பு 1986-ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய முற்றிலும் அறியப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் புழு இயற்கையில் எங்கே பிறந்து, எதன்மீது பெருகி, எவற்றுக்கு இரையாகி, எவ்வாறு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போய்ச் சேர்கிறது என்னும் கேள்விக்கு, அதன் பின்னும் சுமார் இருபது ஆண்டுகள் வரையில் சரியான விடை கிடைக்கவில்லை. உடலை இவ்வளவு சூட்சுமமாக அறிந்த ஒரு சாஸ்திரம் உறைவிடத்தை இவ்வளவு காலம் அறியாமல் இருந்தது எப்படி என்பதை, அந்த ஆராய்ச்சியின் பூர்வ கதையிலிருந்தே பார்த்து வருவது பயனுடையது.

நூற்புழு என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது தக்காளி, வாழை முதலியவற்றின் வேரைப் பற்றி முடிச்சிட்டு விளைச்சலைக் கெடுக்கும் புழுவே. குடலில் ஒட்டி வாழும் நாக்குப் பூச்சியும் கொக்கிப் புழுவும் அந்த வகுப்பைச் சேர்ந்தவைதாம். ஆயினும் இந்தப் பெரிய குலத்தில் பிறர் உடலையோ பயிரின் உடலையோ அண்டாமல், மண்ணிலும் நீரிலும் அழுகும் பொருள்களிலும் சுயேச்சையாகத் திரிந்து, அங்கே மண்டிக் கிடக்கும் பாக்டீரியாவை உண்டு காலங்கழிக்கும் இனங்கள் எத்தனையோ உண்டு. தீங்கு செய்யாத காரணத்தினாலேயே அவை மனிதனுடைய கவனத்தை நெடுங்காலம் பெறாமற் போயின.

மனிதன் கண்ணில் முதலில் பட்ட சுயேச்சை நூற்புழு மண்ணிலிருந்து வரவில்லை. வினிகர் எனப்படும் காடியிலிருந்து வந்தது. 1656-ஆம் ஆண்டில் பியேர் போரெல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் காடித் துளியில் நெளியும் சிறு பிராணிகளைக் கண்டு எழுதினார். 1665-இல் வெளிவந்த ராபர்ட் ஹூக்கின் நூலாகிய மைக்ரோகிராபியாவில் காடியிலுள்ள விலாங்குகளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. அன்றுமுதல் இரண்டு நூற்றாண்டுகள் வரையில், பூதக்கண்ணாடி வைத்திருந்த கனவான்கள் தம் விருந்தினருக்குக் காட்டி மகிழும் விநோதப் பொருளாகவே அவை இருந்துவந்தன. அவற்றின் குடித்தனம் எவ்வாறு நடக்கிறது என்று கருத்தூன்றிப் பார்த்தவர், பிரான்சு தேசத்து ஓர்லேயான் நகரத்துக் காடித் தொழிலை ஆராய்ந்த லூயி பாஸ்டர். பாதி நிரம்பிய பீப்பாய்களில் திராட்சை மதுவின் மேற்பரப்பிலே பாக்டீரியா ஆடையாகப் படர்ந்து, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு மதுவைக் காடியாக மாற்றும். அதே பிராணவாயு இல்லாமல் புழுவும் பிழைக்காது. ஆகவே அந்த ஆடை விரிந்து மேற்பரப்பை அடைக்குமிடத்துப் புழுக்கள் திரண்டு வந்து அதை நெளித்து அமிழ்த்தப் பார்ப்பதையும், ஆடை வலுத்த இடங்களில் அவை பீப்பாயின் ஓரத்து ஈரத்தில் ஒதுங்கிப் பிழைப்பதையும் பாஸ்டர் 1868-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். தொழிலாளர் பலர் நன்மை செய்வனவாக எண்ணியிருந்த அந்தப் புழுக்கள் தொழிலுக்கு இடையூறே என்பது அவருடைய தீர்ப்பு. நூற்புழு ஒன்று தன் வீட்டில், தன் உணவுக்கும் காற்றுக்கும் இடையே எவ்வாறு வாழ்கிறது என்று சொன்ன முதற் சித்திரங்களுள் இது ஒன்று என்று நான் மதிக்கிறேன். இதே வழியில் ஆராய்ச்சி தொடர்ந்திருக்குமானால் பின்னால் நேர்ந்த நீண்ட தாமதம் நேர்ந்திராது.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு பெயரிடுதலிலும் வகைப்படுத்துதலிலும் ஆர்வம் மிகுந்த நூற்றாண்டு. 1845-இல் டுஜார்டின் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் ராப்டைடிஸ் என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். லண்டனில் மருத்துவம் பயின்ற சார்ல்டன் பாஸ்டியன் என்பவர், முப்பது வயது கூட நிரம்பாத பருவத்தில், கடலிலும் நிலத்திலும் நன்னீரிலும் வாழும் நூறு புதிய இனங்களை 1865-ஆம் ஆண்டில் ஒரே நூலில் விவரித்து வெளியிட்டது இன்று நினைத்தாலும் வியப்பைத் தருகிறது. பின்னர் அவர் இத்துறையை விட்டு, உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றும் என்னும் பழைய கொள்கைக்கு வாதாடி, பாஸ்டரோடும் டிண்டால் என்னும் விஞ்ஞானியோடும் பொருதினார். ஜெர்மனியில் பூச்லியும், ஹாலந்தில் டெ மான் என்பவரும் அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தனர். உடல் நீளத்தை அகலத்தால் வகுத்தும், தொண்டைக் குழலின் நீளத்தால் வகுத்தும், வாலின் நீளத்தால் வகுத்தும் கிடைக்கும் எண்களால் இனங்களை வேறு பிரிக்கும் டெ மானுடைய முறை இன்றளவும் நூற்புழு ஆராய்ச்சியாளர் கையாளும் முறையாகும்.

இந்த வரிசையில் என் மனத்தைப் பெரிதும் கவர்பவர் எமில் மோப்பா. 1842-இல் நார்மண்டியில் பிறந்த அவர் தொழிலால் விலங்கியலாளர் அல்லர். அல்ஜியர்ஸ் நகரத்து நூலகத்தின் அதிகாரி. பகலெல்லாம் ஏடுகளையும் சுவடிகளையும் பேணிவிட்டு, சர்வகலாசாலையின் ஆதரவோ உதவியாளரோ இன்றி, தம் இல்லத்திலேயே பூதக்கண்ணாடியின்முன் அமர்ந்து அவர் செய்த ஆராய்ச்சிகள் ஐரோப்பாவின் பெரிய ஆய்வுக்கூடங்களில் நடந்தவற்றுக்கு இளைத்தவை அல்ல. அல்ஜியர்ஸைச் சுற்றியுள்ள மட்கிய மண்ணிலிருந்து எடுத்த சிறு புழுக்களைக் கண்ணாடித் தகட்டிலே துளி நீரில் வைத்து, ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தி, அவை முட்டையிடுவதையும் குஞ்சு பொரிப்பதையும் நாள்தோறும் குறித்துக்கொண்டார். 1900-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையிலேதான், பின்னாளில் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்றான நம் புழுவுக்கு, ராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் பெயர் வருகிறது. ஒரே உடலில் முதலில் விந்தணுவும் பின்னர் முட்டையும் உண்டாகித் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும் இருபாலிகளே இவ்வினத்தில் மிகுதி என்பதையும், ஆண்கள் மிக அரிதாகவே தோன்றுகின்றன என்பதையும் அவர் கண்டறிந்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதிய சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல் கட்டப்படும் என்பது அந்த முதியவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இங்கே புழுவின் உடலைச் சற்றே அருகிற் சென்று பார்ப்பது அவசியம். குறைந்த சக்தியுள்ள பூதக்கண்ணாடியின்கீழ், கடற்பாசிக் கூழாகிய அகார் தடவிய தகட்டில் அதை விட்டுப் பார்த்தால், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தபடியே முதுகையும் வயிற்றையும் மாறிமாறி வளைத்து, தான் போன வழியிலே அலையலையாகத் தடம் விட்டுச் செல்லும். உடலின் நீளவாட்டில் ஓடும் தசைகளேயன்றிக் குறுக்கே சுற்றி இறுக்கும் தசை அதற்கு இல்லை. உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தமும், அதை எதிர்த்து நிற்கும் உறுதியான மேலுறையும் சேர்ந்தே எலும்பின் வேலையைச் செய்கின்றன. இதயம் இல்லை, இரத்தக் குழாய் இல்லை, சுவாசப்பை இல்லை. உடல் அவ்வளவு மெலிதாகையால் பிராணவாயு தோலின் வழியாகவே ஊடுருவி உட்செல்கிறது. வளரும் காலத்தில் நான்கு முறை தோலுரித்து முதிர்ச்சி அடைகிறது.

வாய்தான் அதன் ஜீவனத்தின் இரகசியம். வேரைத் துளைக்கும் நூற்புழுவுக்கு வாயில் ஊசி இருக்கும். பிற புழுக்களைக் கொன்று தின்பதற்குப் பல் இருக்கும். பாக்டீரியாவை உண்பதற்கோ திறந்த ஒரு குழலே வாய். அதை அடுத்த தொண்டைக் குழல் முழுவதும் தசையாலாயது. அதன் உள்வழி மூன்று கிளையாகப் பிளவுண்டு மூடிக் கிடக்கும். தசை சுருங்கியதும் அவ்வழி திறந்து, பாக்டீரியாவோடு சேர்ந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தசை தளர்ந்ததும் நீர் வெளியே தள்ளப்பட்டு, பாக்டீரியா மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. நன்றாக உண்ணும் புழு நிமிஷத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் இப்படி இழுத்து விடுவதைக் கண்ணாரக் காணலாம். தங்கிய பாக்டீரியா ஒரு குறுகிய கழுத்தைக் கடந்து கடைசிக் குமிழை அடையும்போது, அங்கே திருகையின் கற்கள்போல் ஒன்றன்மேல் ஒன்று உராயும் கடினமான தகடுகளில் அகப்பட்டு நொறுங்கிக் குடலிற் சேர்கிறது. அந்தக் குடலோ இருபதே உயிரணுக்களால் ஆனது. உண்ட உணவு சில நிமிஷங்களுக்குள் குடலைக் கடந்துவிடுகிறது. முக்கால் நிமிஷத்துக்கு ஒருமுறை மலம் கழிகிறது. உணவு நிறைந்த இடத்தில் மட்டுமே செல்லுபடியாகும் அவசர வாழ்க்கை இது. உடலின் இந்த அமைப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே, பாக்டீரியா கொழுத்துச் செறிந்த இடம் ஒன்று இயற்கையில் இதற்கு இருந்தாக வேண்டும் என்று ஊகித்திருக்கலாம். சாதாரண மண்ணில் அவ்வளவு செழிப்பு ஏது?

ஆயினும் மண் என்றே எல்லோரும் எழுதி வந்தனர். அதற்கு ஒரு காரணம், புழுவைப் பிடிக்கும் முறை. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் கொக்கிப் புழுவின் குஞ்சுகளை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க முயன்ற பேர்மான் என்பவர் 1917-இல் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டார். கண்ணாடிப் புனல் ஒன்றின் காம்பில் ரப்பர்க் குழாயைப் பொருத்தி, அதைக் கவ்வியால் இறுக்கி, புனலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, மெல்லிய துணியில் வைத்த மண்ணை அந்த நீர் நனைக்குமாறு அமைத்துவிட வேண்டும். மண்ணிலுள்ள புழுக்கள் நெளிந்து நெளிந்து துணியின் கண்களைக் கடந்து நீரில் இறங்கும். நீரிலே மேல்நோக்கி நீந்தும் வலிமை அவற்றுக்கு இல்லாமையால் அடியிலே தங்கிவிடும். ஓர் இரவு சென்றபின் கவ்வியைத் தளர்த்தினால் முதலில் விழும் சில துளிகளிலேயே புழுக்கள் குவிந்திருக்கும். பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய இந்த உபாயத்தை இன்றும் உலகெங்கும் கையாளுகிறார்கள். ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. புனலில் போட்ட கைப்பிடி மண்ணிலே புழு எந்தச் சருகின்மேல் இருந்தது, எந்த அழுகல் துணுக்கில் மேய்ந்தது, மேய்ந்துகொண்டிருந்ததா அல்லது பசியோடு உறங்கிக் கிடந்ததா என்னும் செய்திகள் அனைத்தும் நீரிலே கரைந்துவிடுகின்றன. மண்ணிலிருந்து வந்தது என்னும் ஒரே செய்திதான் எஞ்சும். அந்த எச்சமே பாடப் புத்தகங்களில் ஏறி நிலைத்தது.

உடலைப் பற்றிய அறிவு இதற்குள் வேறொரு திசையில் விரைந்தது. நூற்புழுவின் உடலில் உயிரணுக்களின் எண்ணிக்கை ஓர் இனத்துக்குள் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பது ஜெர்மானியருக்கு முன்னமே புலனாகியிருந்தது. 1908-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கோல்ட்ஷ்மிட் குடற்புழுவாகிய அஸ்காரிஸின் மத்திய நரம்பு மண்டலத்தில் 162 நரம்பணுக்களை எண்ணிக் காட்டினார். அமெரிக்காவில் நாதன் காப் என்பவர், 1914-ஆம் ஆண்டளவில், நூற்புழு ஆராய்ச்சியைத் தனித் துறையாகவே பிரிக்க வேண்டும் என்று வாதாடியதோடு, விவசாய இலாகாவில் பணி செய்தவாறே, இன்றும் ஒப்பற்றவை எனத்தக்க சித்திரங்களையும் வரைந்து வைத்தார்.

மோப்பாவின் புழு மறுபடியும் அரங்கிற்கு வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னரே. கலிபோர்னியாவில் எல்ஸ்வொர்த் டோகர்ட்டியும், பிரான்சில் விக்டர் நிகோனும், பாரம்பரியத்தை ஆராய இத்தகைய சிறு புழுக்கள் ஏற்றவை என்று எடுத்துக் காட்டினர். 1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே, காளான் வளர்க்கும் எருவிலிருந்து ஸ்டானிலண்ட் என்பவர் எடுத்த புழுக்களின் சந்ததியே, என்-2 என்னும் அடையாளத்தோடு இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் வளர்வது. எருக் குவியலும் மனிதன் கையால் உண்டாக்கியதே அன்றோ? ஆதலால் இயற்கையான இருப்பிடம் எது என்னும் வினா அப்பொழுதும் எழவில்லை.

1963-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், தம் ஆய்வுக்கூடத் தலைவர் மாக்ஸ் பெருட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயிரின் மூலக்கூறுகளைப் பற்றிய பெரிய பிரச்சினைகள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டன, இனி ஒரு கருவிலிருந்து உடல் உருவாகும் விதத்தையும் நரம்பு மண்டலம் இயங்கும் விதத்தையும் ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. அதற்கு எளிய பிராணி ஒன்று தேவை. சில நாட்களில் முதிர்வதாகவும், ஆயிரக்கணக்கில் சிறு தட்டுகளில் வளர்க்கக் கூடியதாகவும், மின்னணு நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் அடங்குவதாகவும் அது இருக்க வேண்டும். தொடக்கத்தில் அவர் மனத்தில் இருந்தது இதன் உறவினமான பிரிக்ஸே. பின்னர் எலிகன்ஸே நிலைத்தது. மூன்று நாளில் முட்டையிலிருந்து தாயாகிவிடும் இந்தப் புழு தன் விந்தினால் மட்டும் சுமார் முந்நூறு குஞ்சுகளை ஈனும். மோப்பா கண்ட அந்த இருபாலித் தன்மையால், ஒரு குறையுள்ள மரபணு இரட்டிப்பாவதற்கு வேறு துணையைத் தேட வேண்டியதில்லை. 1974-ஆம் ஆண்டில் பிரென்னர் வெளியிட்ட கட்டுரை இந்தப் புழுவின் பாரம்பரிய சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது தவம் என்றே சொல்லத் தக்கது. ஜான் சல்ஸ்டன், உயிருள்ள கருவை நுண்ணோக்கியில் நோக்கியபடியே, உயிரணு பிரியும் ஒவ்வொரு கணத்தையும் வர்ண மையினால் குறித்துக்கொண்டு, மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார். 1977-இல் ராபர்ட் ஹார்விட்ஸோடு சேர்ந்து குஞ்சு பொரித்தபின் நிகழும் பிரிவுகளையும், 1983-இல் வேறு மூவரோடு சேர்ந்து முட்டைக்குள் நிகழும் பிரிவுகளையும் வெளியிட்டார். இருபாலியின் உடலில் 1,090 உயிரணுக்கள் உண்டாகி, அவற்றுள் 131 குறித்த இடத்தில் குறித்த வேளையில் தாமே மாண்டு, 959 எஞ்சுகின்றன என்னும் கணக்கு அப்போது முடிவாயிற்று. 1986-ஆம் ஆண்டில் ஜான் வைட், ஐலீன் சவுத்கேட், நிக்கல் தாம்சன், பிரென்னர் ஆகிய நால்வரும், மெல்லிய சீவல்களாக அறுத்த புழுவின் ஆயிரக்கணக்கான படங்களைத் தொடர்ந்து நோக்கி, 302 நரம்பணுக்களும் அவற்றிடையே உள்ள சுமார் 5,000 ரசாயனச் சந்திகளும் அடங்கிய நரம்பு மண்டலத்தின் வரைபடத்தை வெளியிட்டனர். உயிரணு தானே மாளும் விதியை விளக்கியதற்காகப் பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மகத்தான உழைப்பின்மீது எனக்குள்ள மதிப்பு அளவற்றது. பின்வருவனவற்றை அந்த மதிப்போடுதான் சொல்கிறேன்.

இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் புழு வாழ்ந்தது ஒரு தட்டிலே. உண்டது ஈ கோலை என்னும் ஒரே வகைப் பாக்டீரியாவை. 1951 முதல் 1969-இல் உறைநிலையில் சேமிக்கப்படும் வரையில், என்-2 வம்சம் தலைமுறை தலைமுறையாக இப்படியே வளர்ந்து வந்தது. 1998-ஆம் ஆண்டில் மரியோ டி போனோவும் கோரி பார்க்மனும் ஓர் ஆச்சரியத்தை அறிவித்தார்கள்: சில வம்சங்கள் உணவின்மேல் கூட்டமாகத் திரள்கின்றன, என்-2 முதலிய வேறு சில தனித்தனியே பரவி மேய்கின்றன, இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே மரபணுவில் ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மாற்றம். கூடி வாழ்தலும் தனித்து வாழ்தலும் இயற்கையில் அமைந்த இரண்டு வாழ்க்கை முறைகள் என்றே முதலில் பலரும் கருதினர். 2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, தனித்து வாழும் அந்தக் குணம் இயற்கையிலே இல்லை, ஆய்வுக்கூடத் தட்டிலே வளர்ந்த காலத்திலே தோன்றியது என்று காட்டிவிட்டது. காட்டுப் புழு காற்றிலுள்ள இருபத்தொரு சதவீதப் பிராணவாயுவைக் கண்டு விலகி, அது குறைந்த இடத்தை நாடித் திரள்கிறது. அழுகும் பொருளினுள்ளே பிராணவாயு குறைவாகவே இருக்கும். நகரத்துத் தட்டிலே பிறந்த வம்சம் அந்த அச்சத்தை மறந்துவிட்டது. உலகெங்கும் ‘இயல்பான புழு’ என்று அளவுகோலாக வைக்கப்பட்டிருந்தது, தன் மனையைவிட்டுப் பிரிந்தபின் மாறிப்போன புழு என்று தெரிந்தபோதுதான், மனையைத் தேடும் முயற்சியின் அவசியம் பலருக்கு விளங்கியது.

அந்தத் தேடலை முன்னின்று நடத்தியவர் பாரிஸைச் சேர்ந்த மரீ-ஆன் ஃபெலிக்ஸ் என்னும் அம்மையார். 2005-ஆம் ஆண்டில் அவரும் அன்டுவான் பாரியேரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், எருக்குழிகளிலிருந்து எடுத்த எலிகன்ஸ் புழுக்கள் பெரும்பாலும் உண்ணாத நிலையில் இருந்தமை தெரியவந்தது. உணவு குறைந்து கூட்டம் பெருகினால் குஞ்சு வேறொரு ரூபத்தை எடுக்கும். வாய் அடைபடும், மேலுறை தடிக்கும், மாதக்கணக்கில் உணவின்றி உயிர் தரித்திருக்கும். இதை டாவர் என்பர். மண்ணிலும் எருவிலும் கண்டவை பெரும்பாலும் இப்படிக் காத்துக் கிடந்த வழிப்போக்கர்களே. குடும்பம் நடக்கும் வீடு வேறெங்கோ இருந்தது. ஃபெலிக்ஸ் மேற்கொண்ட வழி மிக எளிது. மரத்தடியில் விழுந்து அழுகும் பழத்தையும் தண்டையும் கொணர்ந்து, புனலில் கரைக்காமல், அகார்த் தட்டின்மீது அப்படியே வைத்து, வெளியே ஊர்ந்து வரும் புழுக்கள் எந்தப் பருவத்தில் இருக்கின்றன என்று பார்ப்பதே அது. பாரிஸுக்கு அருகிலுள்ள ஓர்சே என்னும் ஊரின் தோப்பில் விழுந்த ஆப்பிள்களிலே, முட்டையும் குஞ்சும் தாயுமாக, ஒரே பழத்தில் பதினாயிரம் வரையில் அவை பெருகியிருக்கக் கண்டார். மோப்பா பெயரிட்டு நூறாண்டு கழித்து, எலிகன்ஸின் வீடு புலப்பட்டது.

வீடு தெரிந்தவுடன் சுற்றமும் தெரிந்தது. பழம் உலர்ந்துபோகும் தறுவாயில் டாவர்க் குஞ்சுகள் வால்மேல் எழுந்து நின்று உடலை ஆட்டி, அவ்வழியே வரும் நத்தை, ஓடற்ற நத்தை முதலிய பிராணிகளின்மேல் தொற்றிக்கொண்டு அடுத்த அழுகலுக்குப் பயணமாகின்றன. 2008-ஆம் ஆண்டில் அவற்றின் குடலைத் தாக்கும் ஒட்டுயிரி ஒன்றும், 2011-இல் ஓர்சே ஆப்பிளிலிருந்தே அவற்றை நோயுறச் செய்யும் வைரஸ் ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் பார்த்து வந்த பிராணிக்கு இயற்கையாக ஒரு வைரஸ் உண்டு என்பதே அதுவரை தெரியாமல் இருந்தது. நோயையும் பகைவரையும் அறியாமல், நோயை எதிர்க்கும் மரபணுக்களின் பயனை எவ்வாறு அறிய முடியும்?

பாக்டீரியாவை உண்ணும் பிற நூற்புழுக்களின் வாழ்வு மண்ணின் வளத்தோடும் பிணைந்தது. பாக்டீரியாவின் உடலில் தழைச்சத்து மிகுதி. அதைத் தின்னும் புழுவுக்கு அவ்வளவு தேவையில்லை. மிச்சத்தை அது அம்மோனியாவாக வெளியிட, பயிரின் வேர் அதைக் கொள்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1985-இல் வெளியிட்ட சோதனையில், பாக்டீரியாவோடு அதைத் தின்னும் நூற்புழுவும் சேர்ந்திருந்த மண்ணிலே செடிகள் தொடக்கத்தில் விரைந்து வளர்ந்தன. 2019-ஆம் ஆண்டில் பல தேசத்தவர் கூடிக் கணக்கிட்டபடி, உலகத்து மேல்மண்ணில் உள்ள நூற்புழுக்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 30 கோடி டன் எடை.

நம் தேசத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. பிரென்னர் முதலில் எண்ணிய பிரிக்ஸே இனத்தின் அளவுகோல் வம்சமாகிய ஏ.எஃப்-16 அகமதாபாத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது; 2003-ஆம் ஆண்டில் அதன் மரபணுத் தொகுதி வாசிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், அழுகிய பழங்களையும் பூக்களையும் தண்டுகளையும் பல தேசங்களிலிருந்து திரட்டிப் பார்த்ததன் பயனாக, இப்பேரினத்தில் 16 புதிய இனங்கள் ஒரே முறையில் சேர்ந்தன. அதற்குமுன் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தவை பத்தே. மரத்தடியில் விழுந்து அழுகும் கொய்யாவும் பலாவும் வாழைத் தண்டும் நம் ஊர்களில் எந்த மாதத்திலும் கிடைக்கும். விலங்கியல் போதிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது: தோட்டத்தில் விழுந்த பழம் ஒன்றையும், குறைந்த சக்தியுள்ள நுண்ணோக்கி ஒன்றையும், ஓர் அகார்த் தட்டையும் மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். என்ன வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நில்லாமல், எந்தப் பழத்தில், எந்தப் பருவத்தில், எந்த நிலையில், எதனோடு சேர்ந்து வந்தது என்பதையும் அவர்கள் எழுதி வைக்கட்டும்.